விமர்சகருக்குக் கடிதம் எழுதுவது எப்படி: சென்னை மேடைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

“அழுகை வரும்போதெல்லாம் நீங்கள் மைக்கைத் தேடிப் போகிறீர்கள். அந்தத் தாய் எங்கே போயிருப்பாள்?”

எனக்கு வந்த முதல் விமர்சகர் கடிதம் இவ்வளவுதான். ஒரு அஞ்சலட்டை, கீழே கையெழுத்து. அப்போது எங்கள் ட்ரூப்பில் காலர் மைக் கிடையாது. மேடைக்கு மேலே மூன்று மைக் தொங்கும். குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய இடம் வந்தால் அவற்றுக்குக் கீழே போய் நின்றுகொள்வது, யாரும் சொல்லித்தராமலே எங்களுக்குப் படிந்துபோன பழக்கம். மகன் வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சியில் நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடை நடுவுக்கு வந்து அழுதிருக்கிறேன். ஐந்து ஷோ அப்படியே நடந்தது. இயக்குநர் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, கைத்தட்டலும் குறையவில்லை. ஆறாவது ஷோவில் அவன் பெட்டி வைத்திருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைக் செட் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு மைக்கை அந்தப் பக்கம் நகர்த்தினோம். அன்றிலிருந்து அந்தக் காட்சி வேறு காட்சியாகிவிட்டது.

அந்த அட்டைக்கு நான் எழுதிய பதிலில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து பதினெட்டு வருடம் நீடித்தது. மேடைக்கு வரும் பிள்ளைகள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள்: “அக்கா, விமர்சகருக்கு நாம எழுதலாமா? எழுதினா காக்கா பிடிக்கிற மாதிரி ஆகிடாதா?” எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன். சினிமா விமர்சனம் வரும்போது படம் முடிந்து பெட்டிக்குள் போயிருக்கும். அதில் ஒரு பார்வையைக்கூட மாற்ற முடியாது. நம் நாடகம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சபாவில் மறுபடி நடக்கப்போகிறது. விமர்சகர் பார்த்தது ஒரு ஷோ. அவர் கண்ணில் பட்டதை அடுத்த ஷோவுக்குள் வாங்கிவிட முடிந்தால் அதுதான் கடிதத்தின் பயன். அவர் மனதை மாற்றுவதற்காக எழுதும் கடிதத்துக்கு ஒரு பயனும் இல்லை.

யாருக்கு எழுதுகிறோம் என்பது

எழுத உட்காரும் முன்னால் அந்த விமர்சகர் எழுதிய ஐந்து விமர்சனங்களையாவது தேடிப் படியுங்கள். சிலர் காதால் நாடகம் பார்ப்பவர்கள். வசனம், உச்சரிப்பு, நகைச்சுவையின் டைமிங், இதைத்தான் எழுதுவார்கள். சிலர் உடம்பையும் ஒளியையும் பார்ப்பவர்கள். சென்னையில் இந்த இரண்டு பார்வைக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கியதிலிருந்து வரும் சபா மரபு ஒன்று. 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1978-ல் ஞாநி தொடங்கிய பரீக்ஷா போன்ற குழுக்களோடும் சிறுபத்திரிகைகளோடும் சேர்ந்து வளர்ந்தது மற்றொன்று. வாணி மகாலில் நடக்கும் குடும்ப நாடகத்தைப் பார்த்து, “மேடையில் சோபா எதற்கு?” என்று கேட்கும் விமர்சகரும் இருக்கிறார். அவர் கேள்வி தவறில்லை. ஆனால் அவரிடம் உங்கள் சிரிப்பு வசனத்தின் டைமிங்கைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைக்காது.

புனைபெயரில் எழுதுபவர் என்றால் அந்தப் பெயருக்கே, பத்திரிகை அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் உறைமேல் அதைப் போடாதீர்கள். ஆனந்த விகடனில் “ஆடல் பாடல்” பகுதியை “கர்நாடகம்” என்ற பெயரில் எழுதியவர் கல்கி. இசை, நாட்டியம், நாடகம் மூன்றைப் பற்றியும் மனதில் பட்டதை எழுத அந்தப் பெயர் அவருக்கு ஒரு தனி நாற்காலியைப் போட்டுக் கொடுத்தது. புனைபெயரை மதிப்பதும் மரியாதையில் சேர்த்தி.

அழைப்பது பற்றி நிறையவே

முதல் கடிதம் பெரும்பாலும் அழைப்பாகத்தான் இருக்கும். ஷோவுக்குப் பத்து நாள் முன்னால் போய்ச் சேர வேண்டும். முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் நோட்டீஸை அனுப்பி “வரவும்” என்று போடுவது அழைப்பாகாது. ஏப்ரல், மே மாதங்களில் நாரத கான சபாவில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் தினம் ஒரு நாடகம் என்று போகும். விமர்சகர் ஒவ்வொரு மாலையும் அங்கேதான் இருப்பார். அந்த நாட்களில் தனியாக அழைக்கத் தேவையில்லை. நடிகர் பட்டியலை மட்டும் அவர் கையில் சேர்த்தால் போதும். மார்கழியில் அரங்குகளெல்லாம் கச்சேரிக்குப் போய்விடும். மற்ற மாதங்களில் நடக்கும் ஷோக்களுக்குத்தான் அழைப்பு உண்மையாகத் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சபா ஷோ என்றால் அரங்கம் சபா உறுப்பினர்களுக்கானது. சபா செயலாளரிடம் கேட்டு இரண்டு இருக்கை வாங்கிக்கொண்ட பிறகுதான் கடிதமே எழுத வேண்டும். அழைத்துவிட்டு வாசலில் அவரை நிறுத்தியது எங்கள் குழுவில் ஒருமுறை நடந்தது. வயதானவர், மழை நாள். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கு நாங்கள் எழுதிய மன்னிப்புக் கடிதம்தான் நான் எழுதியதிலேயே கடினமான கடிதம்.

அழைப்பு இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபாவில் எங்கள் புதிய நாடகம் நடைபெறுகிறது. இது மூன்றாவது ஷோ. இரண்டு மணி நேரம், இடைவேளை இல்லை. கதை ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரையும் அவர் மகளையும் பற்றியது. நான் மகளாக நடிக்கிறேன். இது எனக்கு முதல் நாடகம். தங்கள் பெயரில் நான்காவது வரிசையில் இரண்டு இருக்கைகள் வைத்திருக்கிறோம். நடிகர் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நேரம் அமைந்தால் வாருங்கள்.”

எத்தனையாவது ஷோ என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். முதல் ஷோவையும் பதினைந்தாவது ஷோவையும் ஒரே அளவுகோலால் பார்க்கக் கூடாது என்று நல்ல விமர்சகருக்குத் தெரியும். கதையை மூன்று வரிக்கு மேல் சொல்லாதீர்கள். நடிகர் பட்டியலில் பாத்திரத்தின் பெயருக்கு எதிரே நடிகரின் பெயர், அவரவர் விரும்பும் எழுத்துக்கூட்டலோடும் இனிஷியலோடும் இருக்க வேண்டும். ஒளி, ஒலி, ஒப்பனை, செட் போட்டவர்கள் பெயர்களும் வேண்டும். விமர்சனத்தில் அவர்கள் விட்டுப்போவதற்குப் பாதிக் காரணம், அந்தப் பெயர்களை நாம் கொடுக்காததுதான்.

மெயிலில் தமிழில் எழுதினால் யூனிகோடில் எழுதுங்கள். டிடிபி செய்பவரிடமிருந்து வாங்கிய பாமினி எழுத்துரு கோப்பை அப்படியே அனுப்பினால், அந்தப்பக்கம் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். விளி விஷயம்: அரங்கத்தில் அவரை “மாமா” என்றோ “அண்ணா” என்றோ கூப்பிடும் பழக்கம் இருக்கலாம். கடிதத்தில் “ஐயா”, “அம்மா”, “சார்”, “மேடம்” போதும். கடிதம் அவர் மேஜையில் ஒரு நடிகரின் கடிதமாக இருக்கட்டும், உறவினரின் கடிதமாக வேண்டாம்.

ஷோ அன்று

நான்காவது, ஐந்தாவது வரிசையில், நடைபாதை ஓரமாக இடம் கொடுங்கள். முன்வரிசை சோபா வேண்டாம். அங்கிருந்து பார்த்தால் மேடையின் ஆழம் தெரியாது. பக்கத்தில் சிறப்பு விருந்தினர் வேறு பேசிக்கொண்டிருப்பார்.

பொன்னாடை பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாடகம் முடிந்ததும் திரை மறுபடி விலகி, சபா சார்பில் இரண்டு வார்த்தை பேசி, பொன்னாடை போர்த்துவது நம் ஊர் வழக்கம். அழகான வழக்கம். ஆனால் விமர்சகரை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். மேடையில் ஏறி நின்ற மனிதர், கையில் மைக்கைக் கொடுத்தால் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வேறு மாதிரி எழுதினால் இரட்டை நாக்கு என்பார்கள். எழுதாமல் விட்டால் நமக்கு நஷ்டம். அவரை அமைதியாக வந்து அமைதியாகப் போக விடுவதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. வாசலில் பார்த்தால் “வந்ததுக்கு நன்றி சார்” என்று மட்டும் சொல்லுங்கள். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்கவே கேட்காதீர்கள்.

விமர்சனம் வந்த பிறகு

மூன்று நாள் பதில் எழுதப் பேனாவை எடுக்காதீர்கள். அந்த மூன்று நாளில் விமர்சனத்தைப் பலமுறை படித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு எழுத்துப் போடுங்கள். கருத்து என்றால் “க”. தகவல் என்றால் “த”. “மகளாக நடித்தவர் இரண்டாம் பாதியில் சோர்ந்துவிட்டார்” என்பது க. “இடைவேளைக்குப் பின்” என்று எழுதியிருந்து, உங்கள் நாடகத்தில் இடைவேளையே இல்லை என்றால் அது த. கருத்துக்கு ஒரு வகைக் கடிதம், தகவலுக்கு வேறு வகை. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்புவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. தகவல் பிழையைப் பிடித்த உற்சாகத்தில் “அதையே சரியாகப் பார்க்காதவர் என் நடிப்பை எப்படிப் பார்த்திருப்பார்?” என்று போய்விடுவார்கள்.

முதலில் கருத்து. ஒரு இளைஞர் என்னிடம் காட்டிய கடித வரைவு இப்படி இருந்தது: “அன்று மின்சாரம் இரண்டு முறை போனது, எனக்கு ஜுரம், எதிரில் நடித்தவர் வசனத்தைத் தாண்டிவிட்டார், அதனால்தான் சோர்வாகத் தெரிந்திருக்கும்.” எல்லாம் உண்மை. ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்றேன். பார்வையாளருக்குத் தெரிந்தது சோர்வு. விமர்சகர் அதைத்தான் எழுதினார். காரணங்கள் நம்முடையவை. சக நடிகர் வசனத்தை விட்டதை வெளியாளுக்கு எழுதுவது குழுவுக்குச் செய்யும் துரோகமும்கூட. மாற்றி எழுதிய கடிதம்:

“ஐயா, தங்கள் விமர்சனத்துக்கு நன்றி. இரண்டாம் பாதியில் நான் சோர்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எந்த இடத்திலிருந்து அது தெரியத் தொடங்கியது என்று நினைவிருந்தால் சொல்லுங்கள். கடிதத்தை அவன் படித்துக் காட்டும் இடமா, அதற்கு முன்பா? அடுத்த ஷோ 21-ஆம் தேதி.”

நான்கு நாளில் பதில் வந்தது. படித்துக் காட்டும் இடத்துக்கும் முன்பு, காபி கொண்டுவரும்போதே அந்த இளைஞரின் முகத்தில், நாடகத்தில் வரும் அந்தக் கடிதம் தெரிந்துவிட்டதாம். அதாவது பாத்திரத்துக்குத் தெரியாத செய்தி நடிகருக்குத் தெரிந்திருந்தது. சோர்வென்று பட்டது உண்மையில் அதுதான். “சோர்ந்துவிட்டார்” என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது ஒரு கேள்வியால். ஒரு காட்சி, ஒரு கேள்வி, அடுத்த ஷோவின் தேதி. மூன்றும் இருந்தால் பதில் வர வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம். “என் நடிப்பைப் பற்றித் தங்கள் மேலான கருத்தைச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் வாழ்த்துதான் வரும், அதுவும் வந்தால்.

பாராட்டி எழுதியிருந்தால் இரண்டு வரி நன்றி போதும். பாராட்டிய இடத்தை அடுத்த ஷோவில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். என் மூத்த நடிகை ஒருவர் இதை எனக்கு முதல் வருடமே சொன்னார்: “பேப்பர்ல வந்த இடத்தைத் தொடாதே, அப்படியே விடு.”

பதில் வரவில்லையா? விட்டுவிடுங்கள். இரண்டாவது கடிதம் இன்னொரு நாடகத்துக்காக மட்டும்.

தகவல் தவறாக அச்சானால்

இதற்குக் கடிதம் ஆசிரியருக்கு, நகல் விமர்சகருக்கு. இதழின் தேதி, பக்கம், அச்சான வரி, சரியான தகவல். இந்த நான்கும் போதும். நாடகாசிரியரின் பெயர் மாறிப்போவது, ஒரு நடிகரின் பாத்திரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது, அன்று மாற்று நடிகர் நடித்திருக்க நோட்டீஸில் இருந்தவரைக் குறை சொல்வது, இவையெல்லாம் திருத்தம் கேட்க வேண்டிய இடங்கள். மாற்று நடிகர் விஷயத்தில் அரங்கத்திலேயே அறிவித்தீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கவனிக்காவிட்டால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்க வழி இருக்கிறது. முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ்கள் என்றால் நான்கு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். எனக்கு அந்த எல்லை வரை போகத் தேவை வந்ததில்லை.

வழக்குப் போடுவேன் என்று கடிதத்தில் எழுதுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறைப் பற்றியது; அதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவு. பொதுமக்களின் தீர்ப்புக்கு ஒப்படைக்கப்பட்ட ஒரு படைப்பின் தகுதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறாகாது என்று அதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பொது மேடையில் தோன்றும் நடிகரோ பாடகரோ தன் நடிப்பையும் பாட்டையும் அப்படி ஒப்படைக்கிறார் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. அடுத்த உதாரணம் இன்னும் நுணுக்கம். புத்தகம் முட்டாள்தனமாக இருக்கிறது, ஆகவே எழுதியவர் பலவீனமானவராக இருக்க வேண்டும் என்று புத்தகத்தை வைத்துச் சொன்னால் பாதுகாப்பு உண்டு. இவர் பலவீனமானவர், ஒழுக்கம் கெட்டவர், அதனால் புத்தகம் இப்படி இருப்பதில் ஆச்சரியமில்லை என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நடிப்பு மோசம் என்று எழுதுவது விமர்சகரின் உரிமை. உங்கள் உடம்பையும் நடத்தையையும் குடும்பத்தையும் பற்றி எழுதினால் அது விமர்சனமே இல்லை; அப்போது ஆசிரியருக்குக் கடுமையாகவே எழுதுங்கள், குழுவின் பெயரில், இயக்குநர் கையெழுத்தோடு.

எவ்வளவு நெருங்கலாம்

நடிகருக்கும் விமர்சகருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் உலகம் அறிந்தது ஆங்கில நடிகை எலன் டெர்ரிக்கும் நாடகாசிரியர் பெர்னாட் ஷாவுக்கும் இடையே நடந்தது. 1892-ல், ஒரு இளம் பாடகியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டு டெர்ரி லண்டனில் “தி வேர்ல்ட்” இதழாசிரியருக்கு எழுதினார். அங்கே இசை விமர்சகராக இருந்த ஷா பதில் எழுதினார். அப்படித் தொடங்கியது. பல வருடம் இருவரும் நேரில் சந்திக்காமலே எழுதிக்கொண்டார்கள். 1895 முதல் 1898 வரை ஷா “சாட்டர்டே ரிவ்யூ” இதழின் நாடக விமர்சகர். 1896-ல் லண்டன் லைசியம் அரங்கில், அதை நடத்திவந்த நடிகர் ஹென்றி இர்விங் ஷேக்ஸ்பியரின் “சிம்பலின்” நாடகத்தைப் போட்டபோது, இமோஜன் பாத்திரத்தை எப்படிச் செய்ய வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று டெர்ரிக்கு ஷா வரிவரியாக எழுதினார். பிறகு அதே நாடகத்துக்கு அவரே விமர்சனமும் எழுதினார். தன் சொந்த நாடகம் ஒன்றை அதே இர்விங்கிடம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்ததும் அந்தக் காலத்தில்தான்.

அந்தக் கடிதங்களின் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பாத்திரத்தை இவ்வளவு அக்கறையோடு வெளியிலிருந்து ஒருவர் யோசித்துத் தந்தது டெர்ரிக்குக் கிடைத்த பேறு. ஆனாலும் சென்னையில் நீங்கள் அதைச் செய்யாதீர்கள் என்பேன். ஒத்திகைக்கு விமர்சகரைக் கூப்பிடாதீர்கள். ஸ்கிரிப்டை முன்கூட்டி அனுப்பாதீர்கள். நம் வட்டம் சின்னது. விமர்சகரே நாடகம் எழுதுவார், அவர் நண்பர் ட்ரூப் வைத்திருப்பார். ஒத்திகையில் யோசனை சொன்னவர் பிறகு எழுதும்போது தன் யோசனையைத்தான் பார்ப்பார், உங்களைப் பார்க்க மாட்டார். எங்கள் குழுவிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. எனக்கு இதில் மாற்றுக் கருத்து வந்ததில்லை. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், வெள்ளிக் குத்துவிளக்கு, ஆட்டோ செலவு எதுவும் வேண்டாம்.

மேடைக்குப் புதிதாக வந்த பெண்களுக்குத் தனியாக ஒன்று. பதில் கடிதம் நாடகத்தை விட்டு விலகி உங்கள் புகைப்படத்துக்கும் தோற்றத்துக்கும் தனிமையில் சந்திப்பதற்கும் வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். விளக்கம் எழுதத் தேவையில்லை. வந்ததை அழிக்காமல் இயக்குநரிடமோ குழுவில் மூத்தவரிடமோ காட்டுங்கள். ஒரு விமர்சனத்துக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

கடிதங்களை வைத்திருப்பது

உங்களுக்கு வந்த கடிதத்தாள் உங்களுடையது. அதில் எழுதியிருக்கும் சொற்களின் பதிப்புரிமை எழுதியவருடையது; நம் சட்டப்படி அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் அது வாரிசுகளிடம் இருக்கும். ஆகவே தனிக் கடிதத்திலிருந்து ஒரு பாராட்டு வரியை எடுத்து நோட்டீஸில் போட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள். அச்சான விமர்சனத்திலிருந்து எடுப்பதாக இருந்தாலும் நடுவில் ஒரு “ஆனால்” இருந்தால் அதை வெட்டிவிட்டு எடுக்காதீர்கள். பார்த்தவுடனே விமர்சகருக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பியதன் நகலும் வேண்டும், இல்லாவிட்டால் பதில் எதற்கு வந்தது என்று பத்து வருடம் கழித்துப் புரியாது. வாட்ஸ்அப்பில் வந்ததை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் மாறினால் போய்விடும். ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும் நாடகத்தின் பெயர், அரங்கம், எத்தனையாவது ஷோ, அடுத்த ஷோவில் எதை மாற்றினீர்கள் என்று பென்சிலில் ஒரு வரி எழுதி வையுங்கள். விமர்சகர்கள் தேதி போடுவார்கள், ஷோ எண்ணைப் போட மாட்டார்கள். என் முதல் அட்டையின் பின்னால் “ஐந்து. நாற்காலி” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.